கோரஸ்காரியின் பல்லவி

எங்கள் வீட்டில் எந்தப் பாட்டும் முதலிலிருந்து தொடங்கியதில்லை. குளியலறையிலிருந்து திடீரென்று "ஓஹோ ஹோ" என்று ஒன்று கிளம்பும். குக்கர் விசிலுக்கு நடுவே "லாலலா" என்று கொஞ்சம் வரும், பாதியில் நின்றுவிடும். இது என்ன பாட்டு, முன்னால் என்ன, பின்னால் என்ன என்று கேட்டால் என் மனைவி தோசைக் கரண்டியோடு நின்று யோசித்துத்தான் சொல்வாள். கல்யாணமான புதிதில், எந்தப் பாட்டையும் உருப்படியாகத் தெரிந்துகொள்ளாத ஒருத்தியைக் கட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன். அவள் தொழிலே அந்த நடுத்துண்டுதான் என்று புரியக் கொஞ்ச நாள் ஆனது.

அவள் கோரஸ் பாடுகிறவள். மும்பையில் எந்தக் கச்சேரி மேடையிலும் நடுவில் விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் நின்று பாடுவார். அவர் மெயின் சிங்கர். அவருக்குப் பின்னால் இடது ஓரத்தில், ஒரே நிறத்துச் சேலையில் இரண்டு மூன்று பெண்கள் ஒரு மைக்கைச் சுற்றி நிற்பார்களே, அதில் ஒருத்தி என் மனைவி. நாங்கள் இரண்டு பேருமே தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக் குடும்பம். இப்போது இருப்பது செம்பூரில். எனக்குத் துறைமுகம் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. எனக்குப் பாட்டு வராது. கோபம் நன்றாக வரும்.

கோரஸ்காரர்களுக்கு ஒரு வித்தை உண்டு. மெயின் சிங்கர் திரும்பிப் பார்த்து "இப்போது நீங்கள் பாடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். இவர்கள்தான் அவர் முதுகைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். மூச்சை இழுக்கும்போது தோள் கொஞ்சம் உயரும், வரி முடியும்போது தாழும். தாழ்ந்ததும் இவர்கள் நுழைய வேண்டும். மேடையேறிய பெரிய பாடகர்கள் பலருடைய முதுகும் என் மனைவிக்கு அத்துப்படி. முகம்தான் தகராறு. ஒருமுறை செம்பூர் ஸ்டேஷனில் பிரபலமான பாடகி ஒருவர் எங்களுக்கு நேர் எதிரே வந்தார். இவள் யாரோ எவரோ என்று நின்றுகொண்டிருந்தாள். அந்த அம்மாள் எங்களைக் கடந்து போய் முதுகு தெரிந்த பிறகுதான், "ஐயோ, அவுகளா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளை வைத்து ஒரு தனி நிகழ்ச்சி நடத்தலாம் என்ற யோசனை அவள் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிற ஒரு தம்பியுடையது. அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான், காயல்பட்டினத்துக் குடும்பம். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். பகலில் பை, சாயங்காலம் கீபோர்டு. குடியரசு தினத்தையொட்டி மாட்டுங்காவில் ஒரு தமிழ்ச் சங்கத்தார் நாடு முழுவதும் மக்கள் விரும்பிக் கேட்கிற பாட்டுகளை வைத்து ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அக்கா, ஹிந்தி பாடுதவனுக்கு மராத்தி வராது. மராத்தி பாடுதவளுக்குத் தெலுங்கு வராது. எல்லாப் பாட்டுலயும் பின்னால நின்ன ஆளு மும்பைலயே நீங்க ஒருத்தர்தான். நீங்களே பாடுங்க" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. குஜராத்திகளின் நவராத்திரி மேடையில் இவள் நின்றிருக்கிறாள். மராத்தி லாவணிக்குப் பின்னால், பஞ்சாபிக் கல்யாணப் பாட்டுக்குப் பின்னால், வங்காளிகளின் பூஜைப் பந்தலில், மலையாளிகளின் ஓணத்தில் என்று இந்த நாட்டில் பாட்டுப் பாடுகிற யாருக்குப் பின்னால் நிற்கவில்லை என்றுதான் கேட்க வேண்டும். மெயின் சிங்கர்களுக்குத்தான் ஊரும் மொழியும் உண்டு. கோரஸுக்கு எல்லா வீட்டிலும் வேலை.

தம்பி போன பிறகு அவள் வெகுநேரம் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு வெண்டைக்காயை என்ன செய்யப்போகிறாள் என்று நானே எட்டிப் பார்த்தேன்.

"என்னங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்" என்றாள். "ஒரு பாட்ட, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் நானே பாடணும். வேற யாரும் பாடாம. அது போதும்."

இவ்வளவு காலம் மேடையில் பாடிய ஒருத்திக்கு இது நடக்கவே இல்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. பக்கத்திலேயே இருந்துகொண்டு நமக்குத் தோன்றவில்லையே என்று ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஒண்ணு என்னட்டி, எல்லாத்தையும் நீயே பாடு" என்று சத்தமாகச் சொல்லிவைத்தேன்.

சங்கத்துச் செயலாளரைப் பார்க்க கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் இருந்த அவர் அலுவலகத்துக்குப் போனோம். பாலக்காட்டுப் பக்கத்து மனிதர். மரியாதைக்குக் குறைவில்லை, காபி எல்லாம் கொடுத்தார். தம்பி எல்லாம் விளக்கிச் சொன்ன பிறகு இவளைப் பார்த்து, "ரொம்ப சந்தோஷம் மாமி. சரி, மெயின் ஆரு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள் இவள்.

"இல்லை இல்லை, நீங்க பாடறேள், அது தெரியும். மெயினாப் பாடறது ஆருன்னு கேட்டேன்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "இவதான் சார் மெயின். கோரஸ்தான் இல்ல" என்றேன். தம்பி என் தொடையைக் கிள்ளினார். செயலாளர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. "பேஷ், பேஷ்" என்று சொல்லி இன்னொரு காபி வரவழைத்தார். வெளியே வந்ததும் இவள் என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. பஸ் வரும் வரை சிரித்துக்கொண்டே நின்றாள்.

ஒத்திகை தம்பியின் பட்டறையில் நடந்தது. தாராவியில் பட்டறை என்றால் கீழே தையல் மிஷின்கள், ஏணி வைத்து ஏறினால் மேலே ஒரு தட்டு. அங்கே நிமிர்ந்து நின்றால் ஃபேன் தலையில் இடிக்கும். தம்பி சுவரைப் பார்த்துக் கீபோர்டு முன்னால் உட்காருவார். டோலக் வாசிக்கிறவர் ஒரு மூலையில் தோல் கட்டுகள் மேல் உட்காருவார். இவளுக்குத் தம்பியின் முதுகுக்குப் பின்னால்தான் நிற்க இடம் இருந்தது. கீழே மிஷின் சத்தம், தோல் வாடை, பசை வாடை. இவள் பாடினாள். முதலிலிருந்து பாடினாள். என் காது நம்பவில்லை. பாட்டுக்கு இப்படி ஒரு வாசல் இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது. எப்போதும் பின்கட்டு வழியாகவே நுழைந்த ஒரு வீட்டுக்கு முன்வாசலில் கோலம் போட்டிருப்பதைப் பார்த்த மாதிரி. மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கீழே தைத்துக்கொண்டிருந்த பீகார்ப் பையன்கள் போஜ்புரிப் பாட்டு வந்ததும் கத்தரிக்கோலால் தாளம் போட்டார்கள். எல்லாம் பக்கா என்று தம்பி சொன்னார். யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அரங்கத்து வாசலில் 'நம் நாட்டின் பாட்டு' என்று பேனர். அதில் அவள் படம் என் கை அகலத்துக்கு இருந்தது. நான் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். மாட்டுங்காக்காரர்கள் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். தாராவியிலிருந்து சொந்தபந்தம் எல்லாம் வந்து பின்வரிசைகளை நிரப்பியது. எங்கள் கட்டடத்திலிருந்தும் ஒரு கூட்டம். அதில் முக்கியமானவர் மேல்மாடி மராத்திக்கார அம்மாள். என் மனைவியை 'வஹினி' என்று உரிமையாகக் கூப்பிடுவார், அண்ணி என்று அர்த்தம். நல்ல மனசு. மௌனம் மட்டும் ஆகாது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கும்போதுகூடப் பேசிக்கொண்டிருக்கிறவர். முன்வரிசையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

செயலாளர் பேசினார். பாரதத்தின் பன்மொழிப் பண்பாடு பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. ஒருவழியாகத் திரை விலகியது. அரக்குச் சேலையில் என் மனைவி நடு மேடையில் நின்றாள். வாத்தியக்காரர்கள் எல்லாரும் அவளுக்குப் பின்னால் அரைவட்டமாக இருந்தார்கள். முதல் பாட்டு இந்த நாட்டில் நடக்கத் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்த பழைய ஹிந்திப் பாட்டு. தம்பி முன்னிசையை வாசித்தார். ஹாலே தலையாட்டியது. முன்னிசை முடிந்தது.

அவள் பாடவில்லை.

பயந்து நடுங்கினாள் என்றால் அதுவும் இல்லை. மைக்கில் கை வைத்துக்கொண்டு, லேசான சிரிப்போடு, நிம்மதியாக நின்றாள். பஸ்ஸுக்கு நிற்கிறவளைப் போல நின்றாள். தம்பி நிலைமையைப் புரிந்துகொண்டு முன்னிசையை மறுபடியும் தொடங்கி வாசித்தார். மறுபடியும் முடிந்தது. அவள் மறுபடியும் காத்திருந்தாள். பின்னால் யாரோ இருமினார்கள். "என்னாச்சு, மைக் வேலை செய்யலியா?" என்று ஒரு குரல் கேட்டது. மேடையில் ஏறி அவள் தோளைப் பிடித்து உலுக்கலாமா என்று பாதி எழுந்தேன்.

மூன்றாவது தடவை முன்னிசை முடிந்தபோது மேல்மாடி அம்மாளால் தாங்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, கொஞ்சமும் சுருதி சேராத குரலில், பல்லவியைத் தொடங்கிவிட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அது யாருக்குத்தான் தெரியாது? இரண்டாவது வரிக்குள் மாட்டுங்காவும் தாராவியும் சேர்ந்து பாடின. வரி முடிந்தது. முடிந்த அந்த நொடியில், மயிரிழை பிசகாமல், என் மனைவியின் குரல் உள்ளே நுழைந்தது. கோரஸ் வர வேண்டிய இடத்தில் கோரஸ் வந்தது.

அவ்வளவுதான். ஹால் கொண்டாடிவிட்டது. சனங்கள் பல்லவியைப் பாட, இடையில் வருகிற, அவர்களுக்குத் தெரியாத எல்லாவற்றையும் மேடையில் அவள் பாட, இதுதான் நிகழ்ச்சியின் புதுமை என்றே எல்லாரும் நினைத்தார்கள். தம்பி கெட்டிக்காரர். அடுத்த பாட்டிலிருந்து முன்னிசை முடியும்போது அவரே ஹாலைப் பார்த்துக் கையைத் தூக்கினார். மராத்திப் பாட்டுக்கு மேல்மாடி அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். மலையாளப் பாட்டுக்கு மாட்டுங்கா மாமிகள் அசத்தினார்கள். மொழி தெரியாதவர்கள் வெறும் மெட்டைப் பாடினார்கள். இடைவேளை வந்தபோது செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "என்ன ஐடியா சார் இது! நாட்டு மக்களே மெயின், அவா கோரஸ்!" என்றார். கூட்டமெல்லாம் வடைக்கும் காபிக்கும் போனது. நான் தலைகால் புரியாமல் மேடைக்குப் பின்னால் ஓடினேன்.

அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"ஏட்டி, வெளியே வந்து பாரு. ஹால் முழுக்க உன் பேச்சுதான்" என்றேன்.

"எல்லாரும் பாடிட்டாவ" என்றாள். "நான் எப்பம் பாட?"

தம்பி ஒரு கையில் காபியோடு நின்றார். அவர் முகமும் வாடிவிட்டது.

"என்னக்கா ஆச்சு? பட்டறைல அவ்வளவு பிரமாதமாப் பாடினியளே."

"அங்க உன் முதுகு இருந்துச்சுடா" என்றாள். "இங்க முன்னால ஒருத்தரும் இல்ல. ம்யூசிக் முடிஞ்சதும் முன்னால நிக்கிறவுக தொடங்குவாவன்னு என் உடம்பு அப்படியே நிக்கி. நான்தான் தொடங்கணும்னு எனக்கே தெரியும். தெரிஞ்சும் நிக்கேன். வாய் திறக்க மாட்டேங்கு."

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் விளங்கியது. ஒத்திகையில் அவள் பாடியதெல்லாம் தம்பியின் தோளைப் பார்த்துத்தான். பல்லவியையும் ஒரு கோரஸாக நினைத்துத்தான் அவள் உடம்பு பாடியிருக்கிறது. நான் முன்னால் வந்து நிற்கட்டுமா, என் முதுகைப் பார்த்துப் பாடுகிறாயா என்று கேட்டேன். கேலிக்கில்லை, நிஜமாகவே கேட்டேன். அவள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். "உங்க முதுகு எப்பவும் கோவமாவே இருக்கும். அதப் பாத்து என்னத்தப் பாட?" என்றாள்.

தம்பி மெல்லச் சொன்னார். "அக்கா, இந்த மாதிரியே முடிச்சிருவோம். சனங்க ரொம்ப குஷியா இருக்காவ. டென்ஷன் வேண்டாம்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். வெண்டைக்காய் நறுக்கிய அன்று யோசித்த அதே முகம். பிறகு சொன்னாள்: "அவுக சந்தோஷத்த நாம கெடுக்க வேண்டாம். மத்த பாட்டெல்லாம் இப்படியே போகட்டும். கடைசித் தமிழ்ப் பாட்டுக்கு மட்டும் முன்னிசை வாசிக்காத. எனக்குச் சுருதி மட்டும் குடு. ம்யூசிக் இருந்தாத்தான அது முடியட்டும்னு நிப்பேன்? ஒண்ணுமே இல்லன்னா எதுக்குக் காத்துக்கிட்டு நிக்க?"

இரண்டாம் பாதி முதல் பாதியைவிடக் கலகலப்பாகப் போனது. தெலுங்கு, பஞ்சாபி, வங்காளம் என்று ஹால் தொண்டை கட்டும் வரை பாடியது. நான் ஒன்றையும் ரசிக்கவில்லை. கடைசிப் பாட்டு வருகிறது, வருகிறது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அதிலும் அவள் வாய் திறக்கவில்லை என்றால் வீட்டுக்குப் போய் அவளுக்கு என்ன சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாட்டும் வந்தது. நாங்களெல்லாம் கேட்டு வளர்ந்த பழைய சினிமாப் பாட்டு. தம்பி சுருதியை மட்டும் அழுத்திப் பிடித்தார். வேறு ஒரு சத்தமும் இல்லை. அவள் கண்ணை மூடினாள். தோள் கொஞ்சம் உயர்ந்தது. அவள் தோள்தான்.

பாடினாள். முதல் வரி கொஞ்சம் நடுங்கித்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது. நான் மூச்சு விட்டேன். அதற்குள் பழக்கதோஷத்தில் பக்கத்து நாற்காலி அம்மாள் தலையாட்டிக்கொண்டு, தமிழ் தெரியாவிட்டாலும், "லாலா" என்று சேர்ந்துகொண்டார். பின்வரிசையில் எங்கள் சனம் சும்மா இருக்குமா? இரண்டாவது வரிக்கு ஹால் முழுக்கக் கிளம்பிவிட்டது. போச்சு என்று நினைத்தேன்.

மேடையில் அவள் கண்ணைத் திறந்தாள். உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினாள். மைக்கில், வீட்டில் பேசுகிற மாதிரியே சொன்னாள்: "மக்கா, கொஞ்சம் பொறுங்க. இது நான் பாடுதேன்."

ஹால் சிரித்தது. சிரித்துவிட்டு, அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தது. சத்தம் அப்படியே அடங்கியது. என்ன சொன்னாள் என்று மேல்மாடி அம்மாள் என்னைக் கேட்டார். ஹிந்தியில் சொன்னேன். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கடைசி வரை கையை எடுக்கவே இல்லை.

அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இப்போது குரலில் நடுக்கம் இல்லை. அவளுடைய குரல் இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவர்களோடு ஒட்டிப் போவதற்காக இத்தனை காலம் அடக்கியே வைத்திருந்திருக்கிறாள். பல்லவியைப் பாடினாள். திரும்பவும் பாடினாள், இப்போது வேறு மாதிரி, சாவகாசமாக. இடையில் கோரஸ் வருகிற இடம் வந்தது. தம்பி அதை மட்டும் கீபோர்டில் மெல்ல வாசித்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. கோரஸ் நடக்கும்போது அவள் சும்மா நின்று கேட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். இரண்டாவது சரணத்தில் ஒரு வார்த்தை தடுமாறியது. அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. தன் பாட்டுக்கு மேலே போனாள். கடைசி வரியை நீட்டி, இறக்கி, முடித்தாள்.

ஹால் எழுந்து நின்று தட்டியது. மாட்டுங்கா மாமிகளிலிருந்து பின்வரிசைச் சனம் வரைக்கும் தட்டியது. செயலாளர் தன் பேச்சுத் தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார்.

அவள் இரண்டடி பின்னால் போனாள். உடம்பை நடு மேடையின் பக்கம் பாதி திருப்பி, கைதட்டுவதற்காகக் கைகளைத் தூக்கினாள். பாட்டு முடிந்ததும் கோரஸ்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். மெயின் சிங்கர் பக்கம் திரும்பி, சபையோடு சேர்ந்து அவருக்குத் தட்டுவார்கள். அவள் திரும்பிய இடத்தில் மைக் மட்டும் நின்றது. தூக்கிய கைகள் அப்படியே நின்றுவிட்டன. அவள் அந்த வெற்று இடத்தைப் பார்த்தாள். அந்தக் கைதட்டல் யாருக்கு என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு கைகளைக் கீழே இறக்கினாள். நடந்து முன்னால் வந்து மைக் பக்கத்தில் நின்றாள். கும்பிடவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அவ்வளவு கைதட்டலையும், அது ஓய்கிற வரைக்கும், நின்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் தட்டுவதை நிறுத்தவில்லை.